முன் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை

நான் கிட்டார் வாசிக்கிறவள். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் இருபது வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பாட்டும் எழுதுவேன். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நல்லாப் பாடுவீகளா?" என்று கேட்பார். ஆண் வாசித்தால் அவன் கிட்டாரிஸ்ட். பெண் வாசித்தால், பாட வந்த இடத்தில் கையில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றுதான் பொருள்.

கிட்டார் என் கைக்கு வந்ததே இன்னொருவன் விட்டுப் போனதால்தான். கம்பத்தில் என் அண்ணன் ஒரு ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தார். அதில் வாசித்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டான். கிட்டார் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. கேசட்டைப் போட்டுப் போட்டு நிறுத்தி, விரலில் தோல் உரிய உரிய நானாகவே பழகினேன். அண்ணன் முதலில் சிரித்தார். வேறு ஆள் கிடைக்கவில்லை என்றதும் மேடையில் ஏற்றினார். ஏற்றி, பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். மிக்ஸரில் என் சத்தத்தை எப்போதும் குறைத்தே வைப்பார்கள். கூட்டி வைக்கச் சொன்னால், "எல்லாம் வெளிய கேக்குதுக்கா" என்பான் சவுண்டு பார்க்கிறவன். கேட்காது. எனக்குத் தெரியும்.

கச்சேரி இல்லாத நாட்களில் மற்றப் பெண்களைப் போல நானும் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். விடிவதற்கு முன்பே ஜீப் வந்து நிற்கும். பத்துப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் இருபதுக்கு மேல் ஏறுவோம். முன் சீட்டு கங்காணிக்கும் அவருக்கு வேண்டியவர்களுக்கும். முந்தி வந்தவர்கள் உள்ளே ஒருவர் மடியில் ஒருவராக அடைந்துகொள்வார்கள். பிந்தி வந்தவர்கள் பின்பக்கப் படியில் நின்று கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொற்றிக்கொண்டு வர வேண்டும்.

என் தோழி தினமும் பிந்தி வருவாள்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவளுக்கு. மகளைக் கிளப்பி, அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கையில் தூக்குவாளியும் இன்னொரு கையில் அவிழ்ந்த முடியுமாக ஓடி வருவாள். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார். அவள் பாதிப் பின்னலோடு படியில் ஏறுவாள். மிச்சத்தை மலை மேலே இறங்கித்தான் பின்னுவாள். ஒருநாளாவது எரிச்சலாக வந்தாளா என்றால் இல்லை. குளிரில் கை மரத்துப்போயிருக்கும், ஆனாலும் உள்ளே இருக்கிறவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டே வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் ஆரம்பித்தாள். "எல்லார் பாட்டையும் வாசிக்கிற. என்னையப் பத்தி ஒரு பாட்டுக் கட்டு புள்ள. சினிமாக்காரிகளுக்கு மட்டுந்தேன் பாட்டு வரணுமா?"

நான் கட்டினேன். கிட்டாரில் விரல் பிடிக்கிற கார்டு மூன்றே. ஜீப் மலை ஏறும்போது இஞ்சின் போடுகிற தாளம்.

ஓடி வாரா ஓடி வாரா
ஒத்தப் பின்னல் போட்டு வாரா
மிச்ச முடிய மேட்டுல பின்ன
மேகத்துக்கிட்ட போயி வாரா

பின்னாடிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டா
பெரியாத்துத் தண்ணியாச் சிரிச்சுக்கிட்டா

அடுத்த ஞாயிறு அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். "ஒத்தப் பின்னல்னு போட்டுட்டியே, இனி ஊரே என் தலையத்தான பாக்கும்" என்று திட்டிவிட்டு, இன்னொரு தடவை பாடச் சொன்னாள். மறுநாள் ஜீப்பில் அவளே எல்லோருக்கும் பாடிக் காட்டினாள். ஒரு மாதத்தில் மற்ற ஜீப்புகளிலும் பாடினார்கள். அவரவர் வண்டியில் பிந்தி வருகிறவளைக் கேலி செய்ய அது வசதியாக இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் மேடையில் கிடைத்ததில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, மூடுபனிக்குள் ஒரு வளைவில் எங்கள் ஜீப் கவிழ்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கை போனது, கால் போனது. எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். படியில் நின்றவர்களைப் பள்ளத்தில்தான் தேடினோம். அவளை மத்தியானம்தான் மேலே கொண்டுவந்தார்கள். அவள் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

கொஞ்ச நாள் போலீஸ், ஜீப்புகளை நிறுத்தி ஆட்களை எண்ணியது. பிறகு எண்ணுவதை நிறுத்தியது. இன்றைக்கும் விடியற்காலையில் கம்பத்தில் போய்ப் பாருங்கள். படியில் பெண்கள் தொற்றிக்கொண்டுதான் போகிறார்கள். இதைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் மலைக்குப் போவதை விட்டுவிட்டேன். திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டு, கச்சேரிக்கு மட்டும் போய் வந்தேன். அந்தப் பாட்டைப் பாடுவதையும் விட்டுவிட்டேன். அவளுடைய மகளை அவள் அக்கா வளர்த்தாள். என்னைச் சித்தி என்றுதான் அந்தப் பெண் கூப்பிடும்.

வருஷங்கள் போயின. அண்ணன் ஆர்கெஸ்ட்ராவுக்குப் புதிதாக ஒரு பாடகனைக் கொண்டுவந்தார். எல்லா விழாக் கமிட்டியும் மண்ணின் பாட்டு வேண்டும் என்று கேட்க ஆரம்பித்த காலம் அது. "ஒன் ஜீப்புப் பாட்ட எடுப்போமா?" என்று அண்ணன் கேட்டார். அவள் பாட்டு மறுபடியும் நாலு பேர் காதில் விழட்டுமே என்று சரி என்றேன். ஒத்திகையில் அவன் ஒழுங்காகத்தான் பாடினான். வருசநாட்டுப் பக்கம் ஒரு திருவிழா மேடையில் ஏறியதும், பின்னாடிக் கம்பி என்கிற இடத்தில் வாயில் வந்ததைப் பாடினான்.

முன் சீட்டுல ஒட்டிக்கிட்டா
டிரைவரு மடியக் கட்டிக்கிட்டா

விசில் பறந்தது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள். ஒன்ஸ்மோரில் கையாட்டி, இடுப்பாட்டி, இன்னும் இழுத்துப் பாடினான்.

மேடையை விட்டு இறங்கியதும் அண்ணனிடம் சண்டை போட்டேன். "சனம் கேக்குதுல்ல. ஒரு வரிதான புள்ள" என்றார். அது என்ன வரி என்று அவருக்குத் தெரியாதா? அவளைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்றவர் அவர். கடைசியில், "சரி, இனி அவன் பாட மாட்டான்" என்று வாக்குக் கொடுத்தார். நான் இருந்த மேடைகளில் அவனும் அந்த வரியைப் பாடவில்லை. அதோடு முடிந்தது என்று நம்பினேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் தோழியின் மகள் வீட்டுக்கு வந்தாள். தேனியில் காலேஜில் படிக்கிறாள். கல்லூரிப் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"சித்தி, ஜீப்புப் பாட்டு எங்கம்மாவப் பத்துனதுதான?"

"ஆமாத்தா. யாரு சொன்னா?"

"நம்மூர்ப் புள்ள ஒருத்தி கிளாஸ்ல சொல்லிட்டா. இப்ப நான் பஸ்ல ஏறுனாப் பாடுறாங்க. கேன்டீனுக்குப் போனாப் பாடுறாங்க. முன் சீட்டுல எடம் இருக்கு வாரியான்னு கேக்குறாங்க."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவள் போனை எடுத்துக் காட்டினாள். எனக்குத் தெரியாமல் அண்ணனும் அந்தப் பாடகனும் ஒரு யூடியூப் சேனலுக்காக அதைப் பதிவு செய்திருந்தார்கள். அந்த வரியோடு. கிட்டாரை வேறு எவனோ வாசித்திருந்தான். லட்சக்கணக்கில் பார்த்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: மலைவேலைப் பெண்களின் நூறாண்டுப் பழமையான நாட்டுப்புறப் பாடல், எழுதியவர் யாரென்று தெரியவில்லை.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். அண்ணன் வீட்டுக்கு அடுத்த சந்தில்தான் இருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் எந்த ஜீப் ஓடியது என்று கேட்கக்கூட ஒருவருக்குத் தோன்றவில்லை. ஏழைப் பெண்கள் பாடுகிற பாட்டு என்றால் அது புல் மாதிரி தானாக முளைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தானாக முளைத்தது என்றால் யாரும் மிதிக்கலாம்.

மறுநாள் அந்தச் சேனல் நடத்துகிறவரின் ஸ்டூடியோவுக்குப் போனேன். மாடியில் ஏசி அறை. இளவயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். தோழி செத்த கதையைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, இது சூப்பர் கன்டென்ட்" என்றார். "நீங்க ஒரிஜினல் வெர்ஷன் பாடுங்க. அந்த வளைவுலயே போயி ஷூட் பண்ணுவோம். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. அம்மா போட்டோவ வச்சுக்கிட்டு ரெண்டு வார்த்த பேசட்டும். அழுதா அழட்டும், நிறுத்த வேணாம்."

"அந்த வரிய எடுக்கச் சொல்லி வந்தேன்."

"அது ஓடிக்கிட்டு இருக்குக்கா. அத எதுக்குத் தொடணும்? இது தனியா ஓடட்டும்."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். படியில் இறங்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆளுடைய மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அண்ணனிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டே பேசினார். "போட்டது போட்டாச்சு. அதப் பாத்துத்தேன் பத்து ஊருல நம்மளக் கூப்புடுறாக. ஒனக்கும் சேத்துத்தான?"

"அந்தப் புள்ள காலேஜுக்குப் போக மாட்டேங்குது அண்ணே."

"நாலு நாளுல மறந்துருவாங்கெ."

அந்த வாரமே குச்சனூர்ப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோயில் பொங்கல் விழா. பொழுது சாய்ந்ததும் கச்சேரியை ஆரம்பித்தோம். முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் மணலில் பாய் விரித்து உட்கார்ந்த பெண்கள், ஓரத்தில் விசில் அடிக்கிற கூட்டம். நாலாவது பாட்டிலேயே ஜீப்புப் பாட்டுக் கேட்டுத் துண்டுச் சீட்டு வந்தது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் பாடகனுக்குக் கையைக் காட்டினார்.

அந்த வரி வரும்வரை வாசித்தேன். அவன் மாற்றிப் பாட மாட்டான் என்று கடைசி நொடிவரை நினைத்தேன். பாடினான். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை. கீபோர்டு ஓடியது, ரிதம் பேட் ஓடியது, கூட்டம் ஆடியது. மேடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பவில்லை. இருபது வருஷம் வாசித்திருக்கிறேன். நான் நிறுத்தியதால் அந்தப் பாட்டில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. என் பாட்டிலேயே நான் இல்லை.

அப்போதுதான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஸ்பீக்கர் பெட்டியைச் சுற்றி மேடையின் முன்னால் வந்து, பாடகன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். பிடுங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்தப் பாட்ட எழுதுனது நாந்தேன்" என்றேன். "இதுல ஓடி வாரவ என் சேக்காளி. ஏலத்தோட்டத்து ஜீப்புல பின்னாடி தொத்திக்கிட்டுப் போயி, விழுந்து செத்தவ. முன் சீட்டுல அவ ஒருநாளும் உக்காந்ததில்ல. அவ மக இந்த வரியக் கேட்டுக்கிட்டு தேனியில படிக்கிது. இனிமே அந்த வரிய யாரும் பாடாதீக."

பேட் நின்றது. கீபோர்டும் நின்றது. மணலில் இருந்த பெண்களில் ஒருத்தி சத்தமாக, "அவ சொல்றது நெசந்தேன். நானும் அந்த ஜீப்புலதான் போனேன்" என்றாள். அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். கமிட்டித் தலைவர் மேடை ஏறி வந்தார். என் பாட்டை அசிங்கப்படுத்தியவன் பக்கத்திலேயே நின்றான். அவர் அவனைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, சாமி கும்பிடுற எடத்துல சாவுப் பேச்சு பேசுறியே, ஒனக்கு அறிவு இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மன் சன்னிதிக்கு நேரே ஒருத்தியை டிரைவர் மடியில் உட்கார வைத்துப் பாடலாம், ஆடலாம், விசில் அடிக்கலாம். அது மங்கலம். அவள் எப்படிச் செத்தாள் என்று சொன்னால் அபசகுனம். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்காகக் கேட்டார். நான் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு அவருடைய ஆர்கெஸ்ட்ராவில் நான் இல்லை.

அடுத்த வாரம் தோழியின் மகள் என்னைக் கூப்பிட்டாள். காலேஜில் அவளே புகார் கொடுத்திருந்தாள். "நீங்க வந்து பேச வேணாம் சித்தி. பக்கத்துல மட்டும் நில்லுங்க" என்றாள்.

முதல்வர் அறையில், அந்த வரியைப் பாடிக் கேலி செய்தவர்களில் முந்தி நின்ற பையனும் அவன் அப்பாவும் இருந்தார்கள். அப்பா தேனி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். வியாபாரத்தைப் போட்டுவிட்டு வந்த அவசரம் அவருக்கு. முதல்வர் அம்மா கைகளைக் கோத்துக்கொண்டு, "வயசுப் பசங்க. நீயும் கொஞ்சம் கண்டுக்காம இருந்திருக்கலாம்" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாட்டுத்தானம்மா" என்றார் வியாபாரி. "ஊரே பாடுது. எம்மவன் மட்டுமா பாடுறான்?"

"ஊரு எங்கம்மான்னு தெரியாமப் பாடுது" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "உங்க மகன் தெரிஞ்சு பாடுனான். எங்கம்மா பின்னாடிப் படியில தொத்திக்கிட்டுப் போனாங்க. எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறு கட்டிக் குடுத்துட்டு ஓடுனதால தினமும் லேட்டு. அதனாலதான் படி. அதனாலதான் செத்தாங்க. இப்ப உங்க மகன அந்த வரிய இங்கன பாடச் சொல்லுங்க. நான் கேக்குறேன்."

பையன் தரையைப் பார்த்தான். வியாபாரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். மகனிடம், "கேளுடா" என்றார். அவனும் கேட்டான்.

காலேஜில் அதோடு நின்றது. பஸ்ஸில் நிற்கக் கொஞ்ச நாள் ஆனது. இப்போது அவள் ஒழுங்காகப் போய் வருகிறாள். இதற்கு ஒரு பெண்பிள்ளை தன் அம்மா செத்த விதத்தை அந்நியர்கள் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது.

போன மாதம் அண்ணன் வந்தார். ஆறேழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வந்து போனை நீட்டினார். முகத்தில் சந்தோஷம்.

"பாரு புள்ள. சேனல்காரன்கிட்டச் சொல்லிப் போட வச்சுட்டேன்."

பாட்டுக்குக் கீழே இருந்த பழைய வாசகத்தை எடுத்துவிட்டு, பாடல் வரிகள் என்று போட்டு, என் முழுப்பெயரையும் ஊரையும் போட்டிருந்தார்கள். பாட்டைத் தட்டிப் பார்த்தேன். அதே பாட்டு. முன் சீட்டு, டிரைவர் மடி, எல்லாம் இருந்தது. அவ்வளவுக்கும் கீழே என் பெயர்.

"வரிய எடுக்கலையா?"

"பேரு இல்லைன்னுதான சண்ட போட்ட? இப்ப பேரு வந்துருச்சுல்ல."

நான் சண்டை போட்டது எதற்கென்று என் கூடப் பிறந்தவருக்கு இவ்வளவுதான் புரிந்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்து வந்திருந்தார். காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணு, அந்த வரிய எடுக்கச் சொல்லுங்க அண்ணே. இல்ல, எம்பேர எடுக்கச் சொல்லுங்க. செத்தவளப் பத்தி இப்படி எழுதுனவ நாந்தேன்னு நாலு பேரு நெனைக்கக்கூடாது."

"ஒன்னையத் திருப்திப்படுத்தவே முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெண்டே நாளில் பெயரை எடுத்துவிட்டார்கள். வரியைத் தொடவில்லை. எது சுலபமோ அதைச் செய்தார்கள்.

உத்தமபாளையத்தில் கீபோர்டு வாசிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து சின்ன வரவேற்புகளுக்கு வாசிக்கிறோம். மிக்ஸரை நானே பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்தில் ஒரு ஆள் வந்து ஜீப்புப் பாட்டுக் கேட்டார். பாடினேன், நான் எழுதியபடி. பாதியில் அவர் கையை உயர்த்தி, "வரி தப்பும்மா. சரியாத் தெரிஞ்சுக்கிட்டுப் பாடு" என்று எனக்குத் திருத்தம் சொன்னார்.

நிறுத்தவில்லை. கிட்டார் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, முழுப் பாட்டையும் பாடி முடித்தேன்.